மூன்று துபாஷிகள்

சில வாரங்களாக வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. "வீட்டிலுள்ள கம்ப்யூட்டர் பழையது. விண்டோஸ் பத்தின் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். லினக்ஸ் போட்டுக்கொண்டால் போதும் என்கிறான் பிள்ளை. அதில் விளையாட்டுக்கள் சரியாக ஓடாது, புதுக் கார்டு வாங்கியாக வேண்டும் என்கிறார் கடைக்காரர். யார் பேச்சை நம்புவது?" இதுதான் அந்தக் கடிதங்களின் சாரம். ஒரு சகோதரி இன்னும் ஒரு படி மேலே போய், "பிள்ளைகளுக்காகக் கேட்கவில்லை. இராத்திரி அடுக்களை வேலை முடிந்த பிறகு அரை மணி நேரம் விளையாடுகிறவள் நான்தான். எனக்காகச் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார். பேஷ்! இந்த வாரம் அவருக்காகவே.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான பராமரிப்பை மைக்ரோஸாப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, பல பழைய யந்திரங்களைத் தகுதியில்லை என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தைப் பழைய சாமான்காரரிடம் போட யாருக்கு மனம் வரும்? லினக்ஸுக்கு அத்தனை கண்டிப்பு இல்லை, விலையும் இல்லை. அதே 2025 அக்டோபரில் 'ஸ்டீம்' என்ற விளையாட்டுக் கடையின் மாதாந்தரக் கணக்கெடுப்பில் லினக்ஸில் விளையாடுகிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் ஆனார்கள். சின்னக் கூட்டம்தான், ஆனால் வளருகிற கூட்டம்.

லினக்ஸில் விளையாட்டு நன்றாக ஓடுவதும் தடுமாறுவதும் பெரும்பாலும் ஒரே ஆசாமியின் கையில் இருக்கிறது. அவரை அறிமுகம் செய்துகொண்டால் கடைக்காரர் பேச்சையும் பிள்ளையின் பேச்சையும் நீங்களே எடைபோட்டுக் கொள்ளலாம்.

டிரைவர் என்பவர் யார்?

'டிரைவர்' என்றதும் காக்கிச் சட்டை போட்ட மோட்டார் டிரைவர்தான் ஞாபகத்துக்கு வருவார். இந்த டிரைவர் வேறு. அந்தக் காலத்துச் சென்னைப் பட்டணத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் நம்மூர் வியாபாரிகளுக்கும் நடுவே துபாஷிகள் என்று சிலர் இருந்தார்கள். இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள். துரை சொன்னதை வியாபாரிக்கும், வியாபாரி சொன்னதைத் துரைக்கும் எடுத்துச் சொல்வார்கள். துபாஷி சமர்த்தானால் வியாபாரம் நடக்கும். அசடானால் சரக்கு கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவரும் ஒரு துபாஷிதான். "இங்கே ஒரு மலை, அதன்மேல் மாலை வெயில், கீழே ஆற்றில் அதன் நிழல்" என்று விளையாட்டு பொதுவான ஒரு பாஷையில் உத்தரவு போடுகிறது. 'ஓப்பன் ஜி.எல்.' என்பது அத்தகைய பொதுப் பாஷைகளில் பழையது. 2016-ல் வந்த 'வல்கன்' புதியது. படம் வரைகிற சில்லுக்கோ அதன் சொந்தப் பாஷை மட்டுமே தெரியும். அந்தப் பாஷை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியிலும் சில வருஷங்களுக்கு ஒரு முறை மாறும். நடுவில் நின்று மொழிபெயர்ப்பதுதான் டிரைவரின் உத்தியோகம்.

சுலபமான உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். பல வீடுகளில் இருக்கும் சாதாரணத் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள். நெடுக்கே 1,080 புள்ளிகள். பெருக்கினால் 20 லட்சத்துக்கு மேல் வருகிறது. விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமானால் விநாடிக்கு 60 படம் வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய 17 மில்லி விநாடி. துபாஷி ஒரு வார்த்தைக்குத் தடுமாறி, "ம்... வந்து..." என்று இழுத்தால் போதும். திரையில் பாய்கிற குதிரை அந்தரத்தில் ஒரு கணம் நின்றுவிட்டுப் பிறகு பாயும்! "படம் திக்குகிறது" என்று குழந்தைகள் குறைப்படுவது இதைத்தான்.

லினக்ஸில் இந்த வேலையை இரண்டு பேர் பங்கிட்டுக் கொள்கிறார்கள். 'கெர்னல்' என்ற அடித்தளத்துக்குள் ஒருவர். சில்லை எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது, நினைவகத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் இவர் பொறுப்பு. மேலே இருப்பவர் மொழிபெயர்ப்பாளர். திறந்த முறையில் எழுதப்பட்ட மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் கூடியிருக்கும் சத்திரத்துக்கு 'மேசா' என்று பெயர். பிரையன் பால் என்பவர் 1993-ல் ஓய்வு நேரத்தில் தொடங்கிய வேலை அது. முப்பது வருஷங்களுக்குப் பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஏறக்குறைய தவறாமல், அதன் புதுப் பதிப்பு வந்துகொண்டிருக்கிறது.

விண்டோஸுக்காகவே எழுதிய விளையாட்டுக்கள் லினக்ஸில் எப்படி ஓடுகின்றன என்று கேட்பீர்கள். அதற்கு இன்னொரு துபாஷி இருக்கிறார். 'ஸ்டீம்' கடையை நடத்தும் வால்வ் கம்பெனி 2018 ஆகஸ்டில் வெளியிட்ட 'புரோட்டான்' என்பவர். விண்டோஸ் பாஷையில் வரும் உத்தரவுகளை அவர் வல்கன் பாஷைக்கு மாற்றி நம் டிரைவரிடம் கொடுக்கிறார். ஆக, துபாஷிக்கு மேல் துபாஷி. மேலே இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும், கீழே இருப்பவர் சொதப்பினால் காரியம் கெட்டது.

திறந்த புத்தகம், மூடிய பெட்டி

டிரைவர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, அதை எழுதிய விதத்தை ஊரறியத் திறந்து வைத்திருப்பது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பிழை இருந்தால் திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். மற்றொன்று மூடிய பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்ற கம்பெனிக்கு மட்டுமே வெளிச்சம்.

"திறந்திருந்தால் எனக்கென்ன, மூடியிருந்தால் எனக்கென்ன? நான் ஓட்டப் போகிறேனே தவிர, படிக்கப் போகிறேனா?" என்று கேட்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஏ.எம்.டி. கம்பெனியின் 'ரேடியான் எச்.டி. 7970' என்ற கார்டு 2012-ல் கடைக்கு வந்தது. விண்டோஸுக்காக அதற்கு டிரைவர் எழுதிக்கொண்டிருந்த கம்பெனி, 2021 ஜூனில் வழக்கமான பராமரிப்பை நிறுத்தியது. ஒன்பது வருஷம் ஆயிற்று. வியாபாரக் கணக்கில் அது நியாயமாகவும் இருக்கலாம். லினக்ஸில் நடந்தது வேறு. புத்தகம் திறந்திருந்தபடியால், வால்வ் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு நிபுணர் அந்தப் பழைய கார்டுகளின் குறைகளைத் தேடித் தேடித் திருத்தினார். லினக்ஸின் 6.19-ஆம் பதிப்பில் அவை, இன்றைய கார்டுகள் உபயோகிக்கும் அதே புது டிரைவருக்கு மாற்றப்பட்டன. கடைக்கு வந்து ஏறக்குறைய பதினான்கு வருஷம் ஆன கார்டுக்குப் புது வாழ்வு!

காசு கொடுத்து வாங்கிய சாமானின் ஆயுளை யார் நிர்ணயிப்பது என்பதுதான் இங்கே விஷயம். விற்றவருக்கு அக்கறை இருக்கும் வரையிலா, அல்லது அதை உபயோகிக்கிற யாராவது ஒருவருக்கு அக்கறை இருக்கும் வரையிலா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். திறந்த டிரைவர் என்றால் எல்லாமே திறந்தது என்று அர்த்தமில்லை. சில்லுக்குள்ளேயே ஏற்றப்படும் 'ஃபர்ம்வேர்' என்ற சிறு நிரல், இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா ஆகிய மூன்று கம்பெனிகளிடமும் மூடியே இருக்கிறது. அது எங்கே எப்படித் தொல்லை கொடுக்கும் என்பதை மூன்றாவது துபாஷியிடம் வரும்போது பார்ப்போம்.

இன்டெல்: அடக்கமானவர்

மடிக் கம்ப்யூட்டர்களில் அதிகமாகக் காணப்படுகிறவர் இவரே. தனிக் கார்டு எதுவும் இல்லாமல், பிரதான சில்லுக்குள்ளேயே ஒரு மூலையில் அமர்ந்து படம் வரைகிறவர். இன்டெல் தன் டிரைவரைப் பல வருஷங்களாகத் திறந்த முறையில்தான், தன் சொந்தச் சம்பளக்காரர்களைக் கொண்டே, எழுதி வருகிறது. 2016 பிப்ரவரியில் வல்கன் வெளியான அன்றே அதற்கு இன்டெல்லின் திறந்த டிரைவரும் தயாராக இருந்தது. அதன் பெயர் 'ஏ.என்.வி.'. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஃபெயித் எக்ஸ்ட்ரான்ட் என்ற பெண்மணி. பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரப்போகிறார்.

இவரிடம் உள்ள அனுகூலம், தொல்லையே இல்லாமை. லினக்ஸ் போட்டவுடன் வேலை செய்யும். தனியே எதுவும் தேடிப் போட வேண்டாம். பிரதிகூலம், பலம் குறைவு. சீட்டாட்டம், புதிர், பழைய சாகசக் கதைகள், தோட்டம் போடுகிற விளையாட்டு இவையெல்லாம் சுகமாக ஓடும். புதிதாக வந்த பெரிய விளையாட்டுக்களைக் கேட்டால் மூச்சு வாங்கும். அதற்கு டிரைவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சில்லின் சக்தி அவ்வளவுதான்.

இங்கே செலவு குறைந்த ஒரு யோசனை. இந்தச் சில்லுக்குத் தனி நினைவகம் கிடையாது. வீட்டுப் பொது நினைவகத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரே கட்டையாக 16 ஜி.பி. போடுவதற்குப் பதிலாக 8 ஜி.பி. வீதம் இரண்டு கட்டைகளாகப் போட்டால் ஒரே சமயத்தில் இரண்டு வழியாக விஷயம் வந்து போகும். படத்தின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். இரண்டு செருகு வாய்கள் இருக்கின்றனவா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2022 முதல் இன்டெல் 'ஆர்க்' என்ற தனிக் கார்டுகளையும் விற்கிறது. 2024 டிசம்பரில் வந்த 'பி 580' அதில் ஒன்று. திறந்த டிரைவர் இவற்றுக்கும் உண்டு. ஆனால் ஜாக்கிரதை! 'ரீஸைஸபிள் பார்' என்ற வசதி உங்கள் தாய்ப்பலகையில் இல்லாவிட்டால் ஆர்க் கார்டு வெகுவாகத் தளர்ந்துபோகும். மிகப் பழைய பலகைகளில் இந்த வசதி இருப்பதில்லை. பழைய யந்திரத்துக்கு உயிர் கொடுக்கலாம் என்று இதை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஏ.எம்.டி.: அடுத்த வீட்டுச் சமையல்

ஏ.எம்.டி. கதைதான் மூன்றிலும் சுவாரஸ்யமானது. படக் கார்டுகள் செய்துவந்த ஏ.டி.ஐ. கம்பெனியை 2006-ல் இவர்கள் வாங்கினார்கள். மறு வருஷமே சில்லுகளின் உள் விவரங்களை வெளியிடப் போவதாக அறிவித்தார்கள். 2015-ல் 'ஏ.எம்.டி.ஜி.பி.யூ.' என்ற புதுக் கெர்னல் டிரைவர் லினக்ஸில் சேர்ந்தது. அடித்தளம் பிரமாதமாக அமைந்துவிட்டது.

மேல்மாடிக்கு வருவோம். 2016-ல் வல்கன் பாஷை வந்தது. அதற்குத் திறந்த டிரைவர் தருகிறோம் என்று ஏ.எம்.டி. சொல்லியிருந்தது, ஆனால் இலை போட்டும் சோறு வரவில்லை. பொறுத்துப் பார்த்த இரண்டு பேர், டேவ் ஏர்லி, பாஸ் நியூவென்ஹவுஸன் என்பவர்கள், கம்பெனிக்கு வெளியே இருந்தபடியே தாங்களாக ஒன்றை எழுத ஆரம்பித்தார்கள். அதன் பெயர் 'ராட்வி'. அவர்கள் எதைப் பார்த்து எழுதினார்கள் தெரியுமா? இன்டெல்லுக்காக எழுதப்பட்ட அந்த ஏ.என்.வி.-யை! புத்தகம் திறந்திருந்ததன் பலன் இது. ஒரு வீட்டு உறைமோர் அடுத்த வீட்டுப் பாலில் விழுந்து தயிராயிற்று. அந்த 2016-லேயே ராட்வி மேசா சத்திரத்தில் இடம் பிடித்தது.

2017 டிசம்பரில் ஏ.எம்.டி. தன் சொந்த டிரைவரையும் திறந்து வெளியிட்டது. 'ஏ.எம்.டி.வி.எல்.கே.' என்று அதற்குப் பெயர். ஆக, ஒரே கார்டுக்கு இரண்டு திறந்த டிரைவர்கள். எது உசத்தி என்று பல வருஷம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில விளையாட்டுக்களில் இது, சில விளையாட்டுக்களில் அது. தராசை ஒரு பக்கமாகச் சாய்த்தது வால்வ் கம்பெனி.

விளையாட்டில் ஒவ்வொரு வெயிலுக்கும் நிழலுக்கும் தண்ணீருக்கும் 'ஷேடர்' என்று ஒரு சிறு செய்முறைக் குறிப்பு உண்டு. அது முதன்முதலாகத் தேவைப்படும் போது சில்லின் பாஷைக்கு மாற்ற வேண்டும். அதற்கு உபயோகமான பழைய கருவி எல்லாக் காரியத்துக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. நிதானமாக வேலை செய்யும். கல்யாண அண்டாவில் ஒரு தம்ளர் காப்பி போடுவதைப் போல! அதற்குள் குதிரை அந்தரத்தில் நின்றுவிடும். வால்வ் கம்பெனி 2019-ல் 'ஏ.சி.ஓ.' என்ற புதுக் கருவியை, இந்த ஒரே காரியத்துக்காக எழுதச் செய்து அறிமுகப்படுத்தியது. மறு வருஷமே அது ராட்வியின் நிரந்தர அங்கமாயிற்று. மொழிபெயர்ப்பு நேரம் வெகுவாகக் குறைந்தது, திக்கலும் குறைந்தது.

2022 பிப்ரவரியில் வால்வ் கையடக்க விளையாட்டு யந்திரம் ஒன்றை விற்கத் தொடங்கியது. 'ஸ்டீம் டெக்' என்று பெயர். உள்ளே லினக்ஸ், ஏ.எம்.டி. சில்லு, துபாஷி ராட்வி. வியாபாரமே அதை நம்பி நடப்பதால் அதற்குக் கவனிப்பும் குறைவதில்லை. கடைசியில் 2025 செப்டம்பரில், ஏ.எம்.டி. தன் சொந்த டிரைவரைக் கைவிட்டு, இனி ராட்விக்கே ஆதரவு என்று அறிவித்தது. சொந்த அடுக்களையை மூடிவிட்டு அடுத்த வீட்டுச் சமையலை ஒப்புக்கொள்வதென்றால் பெரிய மனசு வேண்டும் அல்லவா?

ஆகவே, லினக்ஸில் விளையாடுவதற்கென்றே புதிதாகக் கார்டு வாங்குகிறவர்களுக்கு என் அபிப்பிராயம் ஏ.எம்.டி.தான். ஒரே ஒரு குறை சொல்ல வேண்டும். எச்.டி.எம்.ஐ. என்ற இணைப்பின் 2.1-ஆம் பதிப்பைத் திறந்த டிரைவரில் சேர்க்க ஏ.எம்.டி. வேலை செய்து வைத்திருந்தது. அந்த இணைப்பின் விதிகளைக் கையில் வைத்திருக்கும் சங்கம் 2024-ல் அதற்கு இசைவு தர மறுத்துவிட்டது. பெரிய 4-கே திரையில் விநாடிக்கு 120 படம் வேண்டும் என்கிறவர்களுக்கு இது இடைஞ்சல். திரையில் 'டிஸ்ப்ளே போர்ட்' என்ற வாய் இருந்தால் அதில் இணைத்துவிடுங்கள், தொல்லை தீர்ந்தது. சாதாரணத் திரைக்காரர்கள் இதைப் பற்றிக் கவலையே படவேண்டாம்.

என்விடியா: பூட்டும் சாவியும்

மூன்றாவது துபாஷியின் கதையில் கொஞ்சம் கண்ணீர் உண்டு.

என்விடியா நெடுங்காலமாக மூடிய பெட்டியையே கொடுத்து வந்தது. கம்பெனி உதவாவிட்டால் என்ன என்று, 2000-க்குப் பிறகான முதற் பத்தாண்டின் நடுவில் சிலர் கார்டின் நடத்தையை வெளியிலிருந்தே கவனித்துக் கவனித்து, அதன் பாஷையை ஊகித்து ஒரு டிரைவர் எழுதத் தொடங்கினார்கள். பெயர் 'நூவோ', பிரெஞ்சு மொழியில் 'புதிய' என்று பொருள். தொடங்கியவர் என்விடியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்களைத் தட்டியபோது, அவருடைய உரையாடல் நிரல் தானாகவே அதை 'நூவோ' என்று மாற்றிக் காட்டியதாம். அதையே பெயராக வைத்துவிட்டார்கள். 2010-ல் அது லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. 2012-ல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ், என்விடியாவோடு தங்களுக்கு இருந்த மனக்கசப்பைச் சொல்லி, ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். எந்த விரல் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் விவரிப்பதற்கில்லை!

அதைவிடப் பெரிய இடி பிறகு வந்தது. 2014-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 900 வரிசையிலிருந்து, கம்பெனியின் கையொப்பம் பெற்ற ஃபர்ம்வேரை மட்டுமே சில்லு ஏற்கும் என்று ஆயிற்று. வேகத்தைக் கூட்டும் பூட்டின் சாவி அதற்குள் இருக்கிறது. நூவோவுக்கு அந்தச் சாவி கிடைக்கவில்லை. ஆகவே 900 வரிசையும், 2016-ல் வந்த 1000 வரிசையும், திறந்த டிரைவரில் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் இருக்கும் ஆரம்ப வேகத்திலேயே நடக்கும். மோட்டார் வண்டியை முதல் கியரிலேயே ஊர் முழுவதும் ஓட்டுவது போல. படம் தெரியும், விளையாட முடியாது.

மூடிய டிரைவரை உபயோகித்தால் போகிறது என்றால், அங்கேயும் கதவு சாத்தப்படுகிறது. 580 என்ற எண்ணுள்ள டிரைவர் தொகுதிதான் இந்த வரிசைகளுக்குக் கடைசி என்று 2025-ல் என்விடியா அறிவித்துவிட்டது. ஜி.டி.எக்ஸ். 1060 எத்தனையோ வீடுகளில் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூடிய பக்கத்தில் புது டிரைவர் இல்லை. திறந்த பக்கத்தில் சாவி இல்லை. 2012-ல் வந்த ரேடியானுக்கு நடந்ததையும் 2016-ல் வந்த இந்தக் கார்டுக்கு நடப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான் மேலே சொன்ன 'ஆயுள்' விஷயம் இதுதான்.

அதற்காக என்விடியாவை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 2018 முதல் வந்த ஆர்.டி.எக்ஸ். 20 வரிசை, ஜி.டி.எக்ஸ். 16 வரிசை, அதற்கும் பிந்தியவை ஆகியவற்றில் நிலைமை வேறு. வேகத்தைக் கவனிக்கும் பொறுப்பு இவற்றில் கார்டுக்குள் இருக்கும் தனிச் சில்லு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. திறந்த டிரைவரும் அதனிடம் பேசி வேகம் கேட்கலாம். 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் பகுதியையும் திறந்து வெளியிட்டது. "திறந்துவிட்டார்கள்!" என்று ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. ஆனால் கவனியுங்கள்: திறந்தது கீழ்மாடி மட்டுமே. மொழிபெயர்க்கிற மேல்மாடி இன்னும் மூடியே இருக்கிறது.

அந்த மேல்மாடியைத் திறந்த முறையில் புதிதாகக் கட்டக் கிளம்பியவர் யார்? இன்டெல் கதையில் பார்த்த அதே ஃபெயித் எக்ஸ்ட்ரான்ட்தான். 2022-ல் அறிவிக்கப்பட்ட அந்த டிரைவரின் பெயர் 'என்.வி.கே.'. 2023-ன் கடைசியில் மேசாவில் வெளிவந்தது. 2024-ல் 'பரீட்சார்த்தம்' என்ற அடைமொழியும் நீங்கியது. நூவோவின் இடத்தில் 'நோவா' என்று ஒரு புதுக் கெர்னல் டிரைவரும் உருவாகி வருகிறது. அதன் முதற் பகுதி 2025-ல் லினக்ஸில் சேர்ந்தது. நல்ல காலம் பிறந்திருக்கிறது. ஆனாலும் வேகத்தில் 2025-லும் என்.வி.கே. பல விளையாட்டுக்களில் மூடிய டிரைவருக்குப் பின்தங்கியே இருந்தது. என்விடியா கார்டு ஏற்கனவே வைத்திருப்பவர்கள் மூடிய டிரைவரைப் போட்டுக்கொண்டு விளையாடுவதில் தவறொன்றும் இல்லை, அது வேகமானதுதான். அது கெர்னலுக்கு வெளியேயிருந்து வரும் விருந்தாளி என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கெர்னல் மாறும்போதெல்லாம் அதையும் புதிதாகப் பொருத்த வேண்டும். பொருத்தம் தவறினால் காலையில் கறுப்புத் திரைதான் தரிசனம்.

துபாஷியின் தலையில் போடக்கூடாத பழி

சில விளையாட்டுக்கள் எந்தக் கார்டு போட்டாலும், எந்த டிரைவர் போட்டாலும் லினக்ஸில் ஓடுவதில்லை. பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுக்களில், யாரும் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவல் நிரல் இருக்கும். அது லினக்ஸை உள்ளே விட வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். 'ஃபோர்ட்நைட்', 'வாலரன்ட்' ஆகியவை இப்படிப்பட்டவை. 'அபெக்ஸ் லெஜண்ட்ஸ்' முன்பு ஓடிக்கொண்டிருந்தது. 2024-ல் அதுவும் கதவைச் சாத்தியது. உங்கள் பிள்ளைக்கு உயிர் இந்த விளையாட்டுக்களில்தான் என்றால், கார்டுக்குப் பணம் கொடுக்குமுன் இதை யோசித்துவிடுங்கள். எவ்வளவு விலையுயர்ந்த கார்டாலும் தீராத பிரச்னை இது.

கடைக்குப் போகுமுன்

முதலில், வீட்டில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். லினக்ஸின் 'செட்டிங்ஸ்' பக்கத்தில் யந்திரத்தைப் பற்றிய விவரம் இருக்கும். அதில் 'கிராபிக்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். கார்டின் பெயர் அங்கே இருக்கும். அதற்குப் பதிலாக 'எல்.எல்.வி.எம். பைப்' என்று ஒரு பெயர் தெரிந்தால், துபாஷி வேலைக்கே வரவில்லை. கணக்குப் போடுகிற பிரதான சில்லே படத்தையும் வரைந்துகொண்டு திண்டாடுகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் விளையாடிப் பார்த்துவிட்டு, "லினக்ஸ் மோசம், புதுக் கார்டு வேண்டும்" என்று முடிவு கட்டுவது அநியாயம்.

இரண்டாவது, புதுக் கார்டுக்குப் புது லினக்ஸ். லினக்ஸில் பல வகைகள் இருக்கின்றன. 'டெபியன்' போன்ற வகைகள் நிதானமானவை. வருஷக் கணக்கில் அதே மேசாவை வைத்திருக்கும். பழைய கார்டுக்கு அது போதும். போன மாதம் கடைக்கு வந்த கார்டுக்கு 'ஃபெடோரா' போல அடிக்கடி புதுப்பிக்கும் வகைதான் ஏற்றது. திறந்த டிரைவரைத் தனியே தேடிப் போட வேண்டியதில்லை. லினக்ஸைப் புதுப்பித்தால் அதுவும் கூடவே புதுப்பிக்கப்படும்.

மூன்றாவது, பழைய விளையாட்டுக்களில் பல 32-பிட் முறையில் எழுதப்பட்டவை. மேசாவின் 32-பிட் பகுதியும் போடப்பட்டிருக்கிறதா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். புது விளையாட்டு ஓடுகிறது, பழையது ஓடவில்லை என்றால் காரணம் பல சமயம் இதுவாகத்தான் இருக்கும்.

நான்காவது, பழைய கார்டுகளைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் விலையை மட்டும் பார்க்க வேண்டாம். லினக்ஸுக்காக என்றால், ஏறக்குறைய ஒரே பலமுள்ள இரண்டு கார்டுகளில் ஜி.டி.எக்ஸ். 900, 1000 வரிசையை விட்டுவிட்டு ரேடியானை எடுங்கள். கொஞ்சம் வேகம் குறைந்தாலும், பல வருஷம் கூட வரும்.

கடைசியாக, எதையும் வாங்காமலே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பல லினக்ஸ் வகைகளை ஒரு சின்னப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸும், கல்யாணப் போட்டோக்களும், கணக்கு வழக்குகளும் இருந்தபடியே இருக்கும். 'நிறுவு' என்கிற பொத்தானை மட்டும் அழுத்திவிடக் கூடாது. திரை துலக்கமாகத் தெரிகிறதா, ஒலி வருகிறதா, அந்தக் கிராபிக்ஸ் வரியில் கார்டின் பெயர் சரியாக நிற்கிறதா என்று அரை மணியில் பார்த்துவிடலாம். பெயர் சரியாக இருந்தால், உங்கள் வீட்டுத் துபாஷி ஏற்கனவே வேலைக்கு வந்துவிட்டார் என்று பொருள். கடைக்காரரிடம் அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம்.